கிழக்குக் கொத்தளத்துப் புகைத்துளை

கொரினிவ்காவில் ஒரு ஆள் சாக முடியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் ஜன்னலைத் திறப்பார்கள். அடுத்து அடுப்புப் புகைபோக்கியின் தகட்டை இழுத்து விடுவார்கள். அதற்கும் உயிர் அசையவில்லை என்றால் தச்சரைக் கூப்பிட்டு, படுக்கைக்கு நேர் மேலே கூரைப்பலகை ஒன்றைப் பெயர்த்து வழி விடுவார்கள். ஆனால் பலகை வரைக்கும் போய்விட்டால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. கிடப்பவள் சாதாரணப் பெண் இல்லை, மந்திரம் தெரிந்தவள், அந்த வித்தை தொண்டையில் அடைத்துக்கொண்டு உயிரை விடமாட்டேன் என்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிடும். பலகையைத் திரும்பவும் ஆணி அடித்து மூடிவிடலாம். விழுந்த பேர் அப்படியேதான் இருக்கும்.

யுஸ்தினா வேலை பார்த்த இடத்தில் பெயர்க்கப் பலகையே கிடையாது. அது கோட்டை. தலைக்கு மேலே கல் வளைவு, கல்லுக்கு மேலே மண், மண்ணுக்கு மேலே புல், புல்லுக்கு மேலே கொதிகலன்காரன் ஹவ்ரிலோவின் ஆடு.

கோட்டையைக் கட்டியது யாரோ ஒரு பிரபு. தாத்தாரியக் கொள்ளைக்காரர்கள் குதிரையில் வந்து ஊர்ச்சனத்தைக் கயிற்றில் கோத்து இழுத்துப்போன காலத்தில், ஆற்றின் மேல் மூக்கு மாதிரி நீண்டிருந்த பாறையில் நாலு கோபுரம் எழுப்பி, நடுவில் கிணறு வெட்டி, மதிலால் கட்டிப்போட்டான். அப்புறம் துருக்கியர் இருந்தார்கள். போலந்துச் சீமான்கள் இருந்து நடனம் ஆடினார்கள். பட்டாளம் இருந்தது, சிறைச்சாலை இருந்தது. கடைசியில் யாருக்கும் வேண்டாத இடம் என்று ஆனபோது, யாருக்கும் வேண்டாத ஆட்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான இல்லம் என்று வாசலில் பலகை மாட்டினார்கள்.

யுஸ்தினா இந்தச் சரித்திரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சூப்பு வண்டியைத் தள்ளித் தெரிந்துகொண்டாள். வாயிற்கோபுரத்தின் நடையில், இரும்புக் கதவு மேலிருந்து இறங்குவதற்காகக் கல்லில் வெட்டிய பள்ளம் ஒன்று குறுக்கே ஓடியது. வண்டிச் சக்கரம் தினமும் அதில் இறங்கி, தினமும் ஒரு கரண்டி போர்ஷ் சிந்தியது. அதற்கு நேர் மேலே எதிரியின் தலையில் வெந்நீர் ஊற்ற விட்ட துளை. மழைக்காலத்தில் அதன் வழியாகத் தண்ணீர் சொட்டி, சிந்தியதை ஈடுகட்டியது. படிக்கட்டுகள் சங்கு மாதிரி வலப்பக்கம் சுற்றி ஏறின. ஏறி வருகிற எதிரி வாளை வீச முடியக் கூடாது என்று அப்படிக் கட்டினார்களாம். எதிரி என்ன ஆனானோ, ஸ்ட்ரெச்சர் அந்தப் படியில் திரும்பாது. மாடி அறையில் செத்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். ஆள் உள்ளே வரக்கூடாது என்பதற்காகவே கட்டிய வீடு அது. வெளியே அனுப்புவதற்கும் அது லேசில் சம்மதிப்பதில்லை.

அவள் அங்கே வந்தது புருஷன் இறந்த வருஷம். காட்டில் மரம் வெட்டும்போது மரம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்தாள். தன்னைவிடக் கனமான உடம்பை முதுகு நோகாமல் புரட்டுவது, புண் வருவதற்கு முன்பே தோல் நிறம் மாறுவதைக் கண்டுபிடிப்பது, விழுங்க முடியாதவருக்குப் பழக்கூழைக் கன்னத்தின் ஓரமாக வைத்துக் காத்திருப்பது. அழுவதற்கு அங்கே யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் பழகிக்கொள்ளவில்லை. இடுப்பு அகன்ற, குரல் உரத்த பெண்பிள்ளை. சிவந்த கை. இல்லத்துக் கிழவர்கள் அவளைப் பார்த்தால் போர்வைக்குள் மறைத்த சிகரெட்டை அணைப்பார்கள். ஆனால் வலி வந்தால் அவள் பேரைத்தான் கூப்பிடுவார்கள்.

மூன்றாம் அறை கிழக்குக் கொத்தளத்தில் இருந்தது. மற்ற மூன்று கோபுரங்களும் ஒல்லியாக உயர்ந்து நிற்க, இது மட்டும் குள்ளமாகப் பருத்துக் கிடக்கும். பீரங்கி வந்த காலத்தில் உயரத்தை வெட்டி, சுவரைப் பெருக்கி, மேலே மண்ணைக் கொட்டி, உள்ளே பீரங்கிக்காரர்களுக்கு ஒரு குகை மாதிரி அறை அமைத்தார்கள். உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் குறுகலாகவும் போகிற ஜன்னல் பள்ளங்களில் ஒரு காலத்தில் பீரங்கி நின்றது. இப்போது மருந்துப் புட்டியும் ஜெரேனியம் தொட்டியும் நின்றன. வெயில் காலத்திலும் சுவர் வியர்க்கும். அந்த அறையில் படுக்க யாரும் ஆசைப்பட்டதில்லை, பெலகியாவைத் தவிர.

பெலகியா சொந்தக் காலில் நடந்து வந்து சேர்ந்தவள். கொரினிவ்காக்காரிதான். கல்யாணம் ஆகாதவள். ஊரில் அவளைப் பற்றி வெகுநாளாகவே ஒரு பேச்சு உண்டு. கிழக்குக் கொத்தளத்தின் மேல் ஆடு மேய்க்கப் போகிறவர்கள் அவளைப் பார்த்திருக்கிறார்கள். புல்லில் குப்புறப் படுத்து, மண்ணில் காதை வைத்துக்கொண்டு கிடப்பாளாம். பூமிக்கு அடியில் இருப்பவர்களோடு பேசுகிறாள் என்றார்கள். யாராவது ஒருத்தியின் பசு பால் வற்றினால் அவள் நடந்துபோன தெருவை நினைவுபடுத்திக்கொள்வார்கள். இல்லத்துக்கு வந்தபோது சமையலறைக்கு மேலே கதகதப்பான அறையில் இடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றாள். கொத்தளத்து அறையில், நடு வளைவுக்கு நேர் கீழே இருந்த கட்டிலைக் கேட்டாள்.

"அங்க படுத்தா உன் எலும்பு நனைஞ்ச ரொட்டி மாதிரி ஆயிடும், பெலகியாம்மா" என்றாள் யுஸ்தினா.

"ஆகட்டும். இனிமே அத வச்சு நான் என்ன நடனமா ஆடப் போறேன்?"

படுத்த நாளிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். சில மத்தியானங்களில் உதடு அசையும். பக்கத்துக் கட்டில் தெக்லா, இடுப்பு ஒடிந்து வந்தவள், நாக்கு மட்டும் ஒடியாதவள், கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் பக்கம் திரும்பிப் படுப்பாள்.

அந்த வருஷம் மாதா திருநாளுக்கு முன்பு, மூடுபனி ஆற்றிலிருந்து ஏறி மதிலைத் தின்றுகொண்டிருந்த நாட்களில், பெலகியா சாகத் தொடங்கினாள். தொடங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும், முடிக்கவில்லை. கால் மரத்துக் குளிர்ந்துவிட்டது. நகம் நீலமாகிவிட்டது. இப்படி ஆன பிறகு உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று யுஸ்தினாவுக்குத் தெரியும். இந்த உடம்பு அந்தக் கணக்கைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் எதில் ஓடுகிறது என்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மூச்சு நின்றுவிடும். அறையில் எல்லாரும் சிலுவைக்குறி போடுவார்கள். பிறகு, யாரோ மறந்துபோனதை எடுக்கத் திரும்பி வந்த மாதிரி, மறுபடியும் ஓடத் தொடங்கும்.

ஒரு மத்தியானம் யுஸ்தினா கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தபோது பெலகியா தெளிவான குரலில் சொன்னாள்.

"எனக்கு மேல திறந்து விடுங்க. அடைச்சிருக்கு. திறக்காம என்னால போக முடியாது."

கரண்டிகள் எல்லாம் கிண்ணத்தில் நின்றன.

"கேட்டியா?" என்றாள் தெக்லா. "அடியே யுஸ்தினா, காதுல விழுந்துச்சா? அவளே ஒத்துக்கிட்டா! நான் வந்த நாள்லேர்ந்து சொல்றேன், யாரு கேக்குறீங்க?"

"நீ வந்த நாள்லேர்ந்து சொல்றதையெல்லாம் கேட்டா நான் காதக் கழட்டிக் கொதிக்க வைக்கணும். கஞ்சியக் குடி."

"அவ கையத் தொடாத! செத்துக்கிட்டே யாரு கையப் பிடிக்கிறாளோ அவளுக்கு அத்தனையும் போய்ச் சேரும்."

"சேரட்டும். அப்பவாவது நான் சொன்னா நீ வாய மூடுறியா பாப்போம்."

சொல்லிவிட்டு யுஸ்தினா பெலகியாவின் கையை எடுத்து நகங்களைத் துடைத்தாள். துடைத்தபோது மேலே ஏறிட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு பூசிய வளைவின் உச்சியில், ஒரு பெரிய பானை அளவுக்கு வட்டமாக, ஒரு இடம் மட்டும் வேறு வெள்ளையாக இருந்தது. இத்தனை வருஷம் அது ஈரக்கறை என்று நினைத்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் ரொட்டிக் கடை வரிசை வரைக்கும் போய்விட்டது.

ஹவ்ரிலோவைக் கொதிகலன் அறையில் பிடித்தாள். சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தான்.

"கூரையப் பிரிக்கணுமாம்ல?" என்றான் அவனே. "யுஸ்தினாக்கா, அது வளைவு. ஒரு கல்ல உருவினா எல்லாக் கல்லும் இறங்கி வந்து நலம் விசாரிக்கும். பெலகியாவோட சேந்து ஆறு கட்டிலும் மேல போயிடும். தெக்லாவும் போவாங்கறது ஒண்ணுதான் அதுல நல்லது."

"உச்சியில வட்டமா என்ன அடைச்சிருக்கு?"

அவன் மண்வெட்டியை நிறுத்தினான். "அதுவா? புகைத்துளை. பீரங்கி வெடிச்சா புகை வெளிய போகணும்ல, இல்லேன்னா சுடுறவனே மூச்சடைச்சுச் செத்துடுவான். மேல என் ஆடு கட்டுற இடத்துக்குப் பக்கத்துல, காஞ்சொறிச் செடிக்குள்ள ஒரு கல்லு மூடி கிடக்கு. கீழ இருந்து நம்ம இல்லத்துக்காரங்க பலகை வச்சுப் பூசிட்டாங்க."

"அப்போ அதத் திற."

"திறக்கலாம். ஆனா நான் திறக்க மாட்டேன்." சிரிக்காமல் சொன்னான். "அவ சொந்தக்காரங்க வந்து சொல்லணும். சொந்தம் சொல்லாம நான் கடப்பாறை எடுத்தா, பெலகியா சூனியக்காரின்னு நான் தீர்ப்புச் சொன்ன மாதிரி. நாளைக்கு எம் பொண்ண யாராவது அப்படிச் சொன்னா எனக்கு எப்படி இருக்கும்?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. யுஸ்தினா ஸ்தெஃபாவுக்கு ஆள் அனுப்பினாள்.

பெலகியாவுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி மகள் ஸ்தெஃபா. தையல் கூடத்தில் வேலை. அம்மா பிரசவத்தில் போய்விட்டாள், அப்பா போரில் செத்தார் என்பது அவளுக்குச் சொல்லி வளர்த்த விஷயம். வளர்த்தது பெலகியா. வாராவாரம் வந்து அத்தைக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுப் போகிறவள். இப்போது பனியில் நனைந்த தலைத்துணியோடு வந்து, நடையில் நின்று யுஸ்தினா சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். முகம் இறுகியது.

"முடியாது."

"ஸ்தெஃபா, அவங்க படற பாட்ட நீ உள்ள வந்து பாரு."

"பாக்குறேன். அழறேன். ஆனா திறக்க மாட்டேன். எங்க அத்தை சூனியக்காரி இல்ல. எங்க தெருப் பிள்ளைங்க என் மேல கல்ல விட்டு எறிஞ்சு, 'சூனியக்காரி குட்டி'ன்னு கூப்பிட்டதெல்லாம் எனக்கு மறக்கல. இப்ப எம் பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு. நிச்சயத்துக்குப் பூவேலைத் துண்டு மாத்தியாச்சு. மாப்பிள்ளையோட அப்பா கூட்டுப்பண்ணைத் தலைவர், சம்பந்தியம்மாவோ கறுப்புப் பூனையப் பாத்தா வந்த வழியே திரும்பிப் போற ஆளு. வேண்டாத மாப்பிள்ளைக்குப் பொண்ணு வீட்லதான் பூசணிக்காய் குடுத்தனுப்புவாங்க. இந்தக் கூரையத் திறந்தா அவங்க எங்க வீட்டு வாசல்ல பூசணிக்காய உருட்டிவிட்டுட்டுப் போவாங்க."

"அதுவரைக்கும் அவங்க இப்படியே கிடக்கணுமா?"

"ஊசி எதாவது போடுங்க! நீங்கதானே பயிற்சி எடுத்தவங்க!" என்று கத்திவிட்டு, கிணற்றடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யுஸ்தினாவுக்கு மந்திரத்திலும் நம்பிக்கை இல்லை, துளை வழியாக உயிர் போகும் என்பதிலும் இல்லை. அவள் நம்பியது படுக்கைப்புண்ணை. ஆனால் சாகிறவர்கள் எதையாவது கேட்டால் அது என்னவென்று முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது வேலையின் ஒரு பகுதி. அறைக்குத் திரும்பி, தெக்லாவின் கட்டிலுக்கும் பெலகியாவின் கட்டிலுக்கும் நடுவே மறைப்புத் திரையை இழுத்துவிட்டு, வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகைத் துடைத்துக்கொண்டே, காதோரம் குனிந்து கேட்டாள்.

"பெலகியாம்மா, மேல எதுக்குத் திறக்கணும்? எங்கிட்டச் சொல்லு. நான் வெளிய சொல்றவ இல்லேன்னு உனக்குத் தெரியும்."

 பதில் துண்டு துண்டாக வந்தது. நடுவில் மூச்சு போனது, வந்தது. யுஸ்தினா துணியைப் பிழிவதை நிறுத்தாமல் கேட்டாள்.

லவ்ரின், அவள் தம்பி, போரில் சாகவில்லை. போர் வருவதற்கு முந்தின வசந்தத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு வந்து, இதோ இந்த அறையில், இன்னும் பல ஆண்களோடு அடைத்தார்கள். என்ன செய்தான் என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. கொத்தளத்தின் மேல்பக்கம் மேட்டோடு சேர்ந்திருந்ததால் ஆடு மேய்க்கிற சாக்கில் ஏறலாம். பெலகியா தினமும் ஏறினாள். புகைத்துளையில் கயிறு கட்டி ரொட்டி இறக்கினாள். அவன் கீழே நின்று அண்ணாந்து பேசுவான். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்பான். அவள் குனிந்து பார்த்தால் கிணற்றுக்குள் தெரிகிற மாதிரி முகம் மட்டும் தெரியும்.

"கடைசி நாள்... கீழ கதவு திறக்கிற சத்தம் கேட்டுச்சு. அவன் சொன்னான், 'அக்கா, ஆளுங்க வர்றாங்க. சத்தம் போடாத. போயிடாத, அங்கேயே இரு. போகலாம்னு நான் சொல்றேன், அப்புறம் போ.' நான் இருந்தேன். மேல காவல்காரங்க வந்து, என்ன மாதிரி ரொட்டி கொண்டுவந்த எல்லாரையும் அடிச்சு விரட்டினாங்க. மறுநாள் போனா கல்லு வச்சு மூடி மண்ணு போட்டிருந்துச்சு."

"அதான் புல்லுல காத வச்சுக்கிட்டுக் கிடந்தியா?"

"அவன் இன்னும் சொல்லல, யுஸ்தினா. போகலாம்னு இன்னும் சொல்லல. சொல்லியிருப்பான், கல்லு மறைச்சிருக்கும். கேக்காம நான் எப்படிப் போறது? நான் மேல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு அவன் இங்கேயே நிப்பான்ல?"

துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. யுஸ்தினா அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். பெலகியாவின் கட்டில் கிடந்த இடம் அவன் நின்ற இடம். அந்த இடத்தில் குளிர் மற்ற இடத்துக் குளிர் மாதிரி இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் வெளிச்சம் குறைவதுபோல, ஒரு பக்கமாக வந்தது. ஜன்னல் இருந்தது அதற்கு எதிர்ப்பக்கம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ரவிக்கையின் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

ஸ்தெஃபா இன்னும் கிணற்றடியில்தான் இருந்தாள். யுஸ்தினா சுற்றி வளைக்கவில்லை.

"உங்க அப்பா போர்ல சாகல. இந்தக் கொத்தளத்துல இருந்தாரு. உங்க அத்தை அந்தத் துளை வழியாத்தான் அவருக்கு ரொட்டி குடுத்தாங்க. அவரு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு இவ்வளவு நாளும் காத்துக்கிட்டிருக்காங்க. அதத்தான் திறக்கச் சொல்றாங்க. வேற ஒண்ணும் இல்ல."

ஸ்தெஃபா கிணற்றின் கல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பள்ளிக்கூடத்துல யார்கிட்டயாவது சொல்லியிருப்ப. குழந்தைக்கு வாய்ல பூட்டு ஏது? கைதியோட பொண்ணுன்னு தெரிஞ்சா படிப்பு, வேலை, எல்லாம் போயிருக்கும். தன்னச் சூனியக்காரின்னு சொல்லட்டும்னு விட்டுட்டாங்க."

ஸ்தெஃபா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"யுஸ்தினாக்கா, இப்ப நான் என்ன பண்றது? எதுக்குத் திறக்குறோம்னு உண்மையச் சொன்னா சம்பந்தி இன்னைக்கே கல்யாணத்த நிறுத்திடுவாரு. சொல்லலேன்னா சூனியம்னு சொல்லுவாங்க, சம்பந்தியம்மா கத்துவா."

"ஆமா."

"ஆனா சூனியத்துக்காகச் சம்பந்தி கல்யாணத்த நிறுத்த முடியாது." மூக்கைத் துடைத்தாள். "சூனியக்காரிங்க உலகத்துலயே கிடையாதுன்னு மேடை ஏறிப் பேசுற ஆளு அவரு. பொண்டாட்டிக்காக அதுக்குப் பயந்தேன்னு எப்படிச் சொல்லுவாரு? கைதிங்க மட்டும்தான் அவருக்கு நிஜம்." தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். "சூனியக்காரின்னே சொல்லட்டும். ஹவ்ரிலோவ கூப்பிடுங்க. நானும் மேல வர்றேன். எங்கப்பாவுக்கு அத்தை எங்க உக்காந்து ரொட்டி குடுத்தாங்கன்னு நான் பாக்கணும்."

வெளிச்சம் இருக்கும்போதே வேலை தொடங்கியது. கட்டில்களைச் சுவரோரமாக இழுத்துப் போட்டார்கள். யுஸ்தினா பெலகியாவின் கட்டிலைத் துளைக்கு நேர் கீழே இருந்து அரைக் கை அளவு நகர்த்தி, பூச்சு விழாமல் தலைக்கு மேல் ஒரு விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே கல்லைப் புரட்டுகிற சத்தம் வளைவு முழுக்க ஓடியது. சுவருக்குள் யாரோ உருளுவது மாதிரி இருந்தது. பிறகு கடப்பாறை கீழே உள்ள பலகையைக் குத்தியது.

"ஆண்டவரே, ஆண்டவரே" என்றாள் தெக்லா, திரைக்குப் பின்னாலிருந்து. "நான் இருக்கேன், என்ன எடுத்துக்காத, நான் ஒண்ணும் செய்யல."

"உன்ன யாரும் கேக்கல, தெக்லா. படு."

பலகை பெயர்ந்து விழுந்தது. கூடவே காய்ந்த இலை, பறவைக்கூடு, உலர்ந்த மண். பிறகு ஒரு மூச்சுக் காற்று. அது மேலிருந்து கீழே வரவில்லை. அறையில் இருந்ததெல்லாம், போர்வை நாற்றம், கற்பூர எண்ணெய் வாசனை, எல்லாரும் அதுவரைக்கும் விட்டிருந்த மூச்சு, கீழிருந்து மேலே உறிஞ்சிக்கொண்டு போனது. திரைச்சீலை உள்பக்கம் சாய்ந்தது. யுஸ்தினா விரிப்பை உதறிவிட்டுக் கட்டிலைத் துளைக்கு நேர் கீழே தள்ளினாள்.

உச்சியில் சாம்பல் நிற வெளிச்சம், வட்டமாக. அதில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. ஸ்தெஃபாவுடையது. இவ்வளவு தூரத்தில், தலைத்துணியும் கன்னமும் மட்டும் தெரிய, அது எந்தக் காலத்துப் பெண்ணின் முகமாகவும் இருந்திருக்கலாம்.

பெலகியா கண்ணைத் திறந்தாள். மேலே பார்த்தாள். இத்தனை காலமும் மேலிருந்து பார்த்தவள், இப்போது கீழிருந்து பார்த்தாள்.

"இருக்கேன்" என்றாள். ரொம்ப மெல்ல. கேட்டது யுஸ்தினாவுக்கு மட்டும்தான்.

 மேலே ஹவ்ரிலோவின் ஆடு ஒருதரம் கத்தியது. பெலகியாவின் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. யுஸ்தினா ஈரத்துணியை விரலில் சுற்றி, அவள் வாயின் மேல் வைத்து ஒற்றினாள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"போதும். இப்ப போ."

ஆண் குரல். இளசான குரல், அவசரமில்லாமல், பக்கத்து அறையில் இருப்பவளிடம் சொல்கிற மாதிரி. கட்டிலருகிலிருந்து கிளம்பித் துளை வழியாக நேரே மேலே போனது. திரைக்குப் பின்னால் தெக்லா மூச்சை இழுத்துப் பிடித்தாள். மேலே முகம் விலுக்கென்று பின்வாங்கியது. ஹவ்ரிலோவின் கையிலிருந்து கடப்பாறை விழுந்து கல்லில் அதிர்ந்தது.

யுஸ்தினாவின் விரல் பெலகியாவின் உதட்டின் மேலேயே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. இன்னொரு கையை நீட்டிக் கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே துடிப்பு இல்லை. கண்ணை மூடினாள். தாடையைத் துணியால் கட்டினாள். கையை நெஞ்சின் மேல் மடக்கி வைத்தாள். சாவு வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடச் சொல்லித் தெக்லாவுக்குப் பக்கத்தில் இருந்தவளை ஏவினாள். ஒவ்வொன்றாக, எப்போதும் செய்கிற வரிசையில். 

ஸ்தெஃபா அந்தச் சங்குப் படியில் ஓடி இறங்கி வந்து வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. முகத்தப் பாரு, நல்லாத்தான் போயிருக்காங்க."

"அத்தைதானே பேசினாங்க? 'இப்ப போ'ன்னு?"

அறையே யுஸ்தினாவைப் பார்த்தது.

"உங்க அத்தைதான். இங்க வேற யாரு இருக்கா?"

"ஆம்பளக் குரல் மாதிரி இருந்துச்சே, அக்கா."

"சளி கட்டினா அப்படித்தான் வரும். நான் எத்தனை பேரப் பாத்திருக்கேன்." குரல் உரத்துத்தான் வந்தது. "வா, இந்தப் பக்கம் பிடி. உடம்பு விறைக்கிறதுக்குள்ள சட்டைய மாத்தணும்."

ஸ்தெஃபா வந்து பிடித்தாள். நம்பினாளா, நம்புவது என்று முடிவு செய்துகொண்டாளா என்பதை யுஸ்தினா கேட்கவில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. பெண்கள் தலைத்துணி முனையில் கசகசா முடிந்துகொண்டு வந்து, சூனியக்காரி எண்ணிக்கொண்டே குழிக்குள் கிடக்கட்டும் என்று பெட்டிக்குள் தூவினார்கள். ஸ்தெஃபா தடுக்கவில்லை, தலை நிமிர்ந்து நின்றாள். சம்பந்தியம்மா கத்தினாள், அழுதாள், இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். சம்பந்தி மேஜையில் குத்தி, இருபதாம் நூற்றாண்டில் என்ன மூடத்தனம் என்று சத்தம் போட்டார். நாற்பதாம் நாள் துக்கம் கழிந்து, கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்குவதற்குள் கல்யாணம் நடந்தது. யுஸ்தினாவுக்கு மேஜையில் நல்ல இடம் கொடுத்தார்கள். நன்றாகச் சாப்பிட்டாள், ஆடவும் ஆடினாள்.

குளிர் இறங்குகிறது என்று நிர்வாகத்தில் துளையைத் திரும்ப அடைக்கச் சொன்னார்கள். ஹவ்ரிலோ சரி சரி என்று சொல்லி, மழை விழாமல் ஒரு கண்ணாடியை மட்டும் சாய்த்து வைத்தான். பிறகு ஆட்டை அங்கே கட்டுவதையும் விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டால், புல் சரியில்லை என்பான். பெலகியாவின் கட்டில் இருந்த இடத்தில் அடுத்து வந்தவர்கள் யாரும் குளிரைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், இந்த இடத்தில்தான் நன்றாகத் தூக்கம் வருகிறது என்றாள். 

ஓய்வு பெறும் வயது தாண்டியும் அவள் அங்கேயே வேலை பார்த்தாள். சூப்பு வண்டி பள்ளத்தில் இறங்கியது, சிந்தியது. தெக்லா இன்னும் சில வருஷம் எல்லாரையும் வைதுவிட்டு, ஒருநாள் காலைக் காப்பிக்கும் மத்தியானக் கஞ்சிக்கும் நடுவில், யாரையும் தொந்தரவு செய்யாமல் செத்துப்போனாள். குரல் வந்தபோது தன் விரலுக்கடியில் அசையாமல் இருந்த அந்த உதட்டைப் பற்றி யுஸ்தினா அவளிடமும் சொன்னதில்லை, ஸ்தெஃபாவிடமும் சொன்னதில்லை, பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் சொன்னதில்லை.

ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் அறையில் வேலை முடிந்தால், வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, கட்டில்களைப் பார்த்தும் பார்க்காமலும், உரக்கச் சொல்லுவாள்.

"வேலை முடிஞ்சுது. நான் கிளம்புறேன்."

"யாருகிட்டச் சொல்ற?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

"உங்ககிட்டதான், வேற யாருகிட்ட?" என்பாள். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் காதைக் கொடுத்து நிற்பாள். பதில் எதுவும் வரவில்லை என்று உறுதியான பிறகே கதவைச் சாத்துவாள்.